எறும்பு வளர்ப்பும் எல்லைக் காவலும்

நாய், பூனை, புறா, கிளி ஆகியவற்றை மனைகளில் வளர்ப்போரை நாம் யாண்டும் காண்கின்றோம். கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பாரும் நம் மட்டுநகரிற் பலர். ஆயின் எறும்பு வளர்ப்பாரும் உளர் எனக் கூறின் கேட்போர் நகைப்பர். எறும்பை வளர்ப்பானேன், அது அழையாமலே வந்து நம் அடுக்களையில் வளர்கின்றதே என்பர். அந்நகைப்பில் ஓர் உண்மையும் உண்டு. ஏனைய பிராணிகளைத் தேடிக் கொணர்தல் அரிது. வந்தபின் நிறுத்துதல் எளிது. எறும்போ கொணர்தற்கு எளிது; நிறுத்துதற்கு அரிது. கிளிக்கூட்டின் கதவொன்றைச் சாத்தினாற் கிளி உள்ளே இருக்கும். எறும்புக்கோ கதவின் இடுக்கும் கதவு, மூடியின் வெடிப்பும் கதவு. எனவே எறும்பு வளர்க்கும் கலையிற் பாதி, அது வெளியேறாவண்ணம் காக்கும் கலையே எனலாம்.

இக்கலையை இங்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் ஒன்று உண்டு. நம் பிரதேசத்துப் பாடசாலைகளில் உயிரியல் பெரும்பாலும் படங்களைக் கொண்டே கற்பிக்கப்படுகின்றது. பூச்சியின் மூன்று உடற்பகுதிகளைப் பிழையின்றி வரைந்து பெயர் குறிக்கும் மாணவன், உயிருள்ள ஒரு பூச்சி தன் குஞ்சுக்கு உணவூட்டுவதைக் கண்டிருப்பதில்லை. நுணுக்குக்காட்டியும் ஆய்வுகூடமும் இல்லாத சிறு பாடசாலையிற்கூட ஒரு சோதனைக் குழாய்க்கும் சிறிது பஞ்சுக்கும் குறைவிராது. ஓர் எறும்புக் குடி கற்பிப்பதை நூறு படங்கள் கற்பிக்கமாட்டா என்பது என் துணிபு.

எறும்பை உற்றுநோக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. புறநானூற்றின் 173 ஆம் பாட்டு, சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் சிறுகுடி கிழான் பண்ணனைப் பாடியது. சோறு பெற்று வரிசையாய்ச் செல்லும் சிறுவரை அது மழைக்கு முன்னே முட்டை கொண்டு மேட்டுநிலம் சேரும் எறும்பின் ஒழுக்கிற்கு உவமிக்கின்றது. அரசன் ஒருவன் எறும்பை எவ்வளவு நேரம் நின்று பார்த்திருத்தல் வேண்டும்! விஞ்ஞானம் இதில் ஒரு சிறு திருத்தம் மாத்திரம் சொல்லும்: எறும்பு வாயிற் கவ்விச் செல்லும் வெண்ணிறப் பொருள்களிற் பெரும்பாலன முட்டையல்ல, குடம்பிகளும் கூட்டுப்புழுக்களுமாம். மெய்யான முட்டை வெறுங் கண்ணுக்கு ஒரு பொடியளவே தோன்றும்.

இலங்கை எறும்புகளைப் பற்றி மேனாட்டார் எழுதிய பழைய குறிப்புகளில் றொபேட் நொக்ஸ் எழுதியது சுவை மிக்கது. 1660 ஆம் ஆண்டிற் கொட்டியாரக் குடாவிற் பிடிபட்டு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த அவர், தப்பிச் சென்று 1681 இல் வெளியிட்ட நூலில் எறும்பு வகைகளைச் சிங்களப் பெயர்களோடு வருணிக்கின்றார். மரத்தின் மேல் இலைகளை ஒன்றுசேர்த்து மனிதர் தலையளவு கூடு கட்டும் எறும்பு அவற்றுள் ஒன்று. அதுவே நாம் மாமரத்திலும் தேசி மரத்திலும் கண்டு அஞ்சும் முசுறு. முசுறு இலைகளை ஒட்டுவது எப்படி என்பது நெடுநாள் வியப்பாயிருந்தது. வளர்ந்த எறும்பிடத்தில் நூல் இல்லை, குடம்பியிடத்திலேயே உண்டு. தொழிலாளி எறும்புகள் சில இலைவிளிம்புகளை இழுத்துப் பிடித்து நிற்க, வேறு சில தம் குடம்பிகளை வாயிற் கவ்வி, நெசவாளி நாடாவை ஓட்டுவதுபோல அங்குமிங்கும் அசைத்து நூலால் இணைக்கின்றன. இலங்கையில் இதைக் கண்ட செருமானிய அறிஞர் பிரான்ஸ் டொபிளைன் 1905 இல் விரிவாக எழுதினார்.

முசுற்றை வளர்த்தவர்களும் இருந்திருக்கின்றனர். கி.பி. 304 அளவில் இயற்றப்பட்டதாகக் கூறப்படும் சீன நூலொன்று, தோடை மரங்களைப் பூச்சிகளிலிருந்து காப்பதற்காக இவ்வெறும்புக் கூடுகள் சந்தையில் விற்கப்பட்டதைக் குறிக்கின்றது. பிற்காலத்திற் சீன உழவர் மரத்துக்கு மரம் மூங்கிற் பாலமும் அமைத்தனர். அவர்கள் எறும்பைச் சுவருக்குள் அடைக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. உணவும் வழியும் கொடுத்தனர், எறும்பு நின்றது. இக்காலத்தில் அவுஸ்திரேலியாவின் வட பகுதியில் மரமுந்திரிகைத் தோட்டங்களிலும் இம்முறை ஆராயப்பட்டு நற்பயன் கண்டுள்ளது. மரமுந்திரிகை மிகுந்த நம் கிழக்கு மாகாணத்தார் கருத வேண்டிய செய்தி இது.

ஆயினும் வீட்டிலோ வகுப்பறையிலோ வளர்ப்பதற்கு முசுறு ஏற்றதன்று. பல மரங்களுக்குப் பரந்த நாடுடையது அது. ஒரு போத்தலில் அடங்காது. கடியும் கொடிது. தொடக்கக்காரர்க்குத் தக்கது கட்டெறும்பு இனமே. உடல் பெரிது, நடை நிதானம், சிறு துளையில் நுழையாது. அடுக்களையிற் சீனியை மொய்க்கும் சிற்றெறும்பு வகைகள் சில இரண்டு மில்லிமீற்றரும் இல்லாதவை. அவற்றை அடைத்துவைக்க முயல்வது சல்லடையில் நீர் அள்ளுவதாகும்.

இலங்கையில் இருநூற்றுக்கு மேற்பட்ட எறும்பினங்கள் அறியப்பட்டுள்ளன. களனிப் பல்கலைக்கழகப் பேராசிரியை சிறியானி டயஸ் அவர்கள் இத்துறையிற் செய்த பணி பெரிது. இவ்வினங்களுள் உலகில் வேறெங்கும் காணப்படாத ஒன்று உண்டு. அனியூரீட்டசு சைமோனி என்னும் அச்சிற்றுயிர் மிகப் பழைய குலமொன்றின் எஞ்சிய ஒரே இனம். அமெரிக்க அறிஞர் எட்வேட் வில்சன் தம் இளமையில், 1955 இல், அதைத் தேடியே இலங்கை வந்தார். கண்டிப் பக்கத்தில் தேடிக் காணாது, இரத்தினபுரிப் பகுதிக் காட்டிற் கண்டெடுத்தார். அத்தகைய அரியவற்றை எவரும் வளர்க்க முற்படலாகாது. வீட்டு முற்றத்தில் மலிந்திருப்பதே நமக்குப் போதும்.

குடியொன்றைத் தொடங்குதற்கு உரிய காலம் நம் பக்கத்தில் வாடை மழை தொடங்கும் பருவம். முதல் மழைகளை அடுத்துச் சிறகுள்ள ஆண்களும் பெண்களும் புற்றை விட்டுப் பறக்கின்றன. (இவற்றை ஈசலோடு மயங்கலாகாது, ஈசல் கறையான் இனம், இடையொடுக்கம் அற்றது.) கருவுற்ற பெண் நிலத்தில் இறங்கித் தன் சிறகைத் தானே களைந்து, பதுங்க இடம் தேடி அலையும். விளக்கடியிலும் விறாந்தைச் சுவரிலும் பருத்த மார்பும் சிறகு களைந்த தழும்பும் உள்ள தனி எறும்பைக் கண்டால் அதுவே அரசியாதல் கூடும். சோதனைக் குழாயொன்றில் மூன்றிலொரு பங்கு நீர் நிரப்பி, நீரைத் தொடும்படி பஞ்சை இறுக அடைத்து, அரசியை உள்ளே விட்டு, வாயிலையும் பஞ்சினால் மூடி, இருளில் அசைக்காது வைத்தல் வேண்டும். கட்டெறும்பு அரசிக்கு இக்காலத்தில் உணவு வேண்டியதில்லை. இனிப் பறக்கத் தேவையில்லாத சிறகுத் தசைகள் கரைய, அச்சத்தினாலேயே முதற் பிள்ளைகளை ஊட்டி வளர்க்கின்றது. ஒரு மாதம் முதல் இரண்டு மாதத்துள் முதற் தொழிலாளிகள் தோன்றும். அதுவரை நாள்தோறும் எடுத்துப் பார்க்கும் ஆவலை அடக்குவதே வளர்ப்போர்க்கு முதற் சோதனை. அடிக்கடி கலைக்கப்படும் அரசி தன் முட்டையைத் தானே தின்றுவிடும். மாணவர்க்கு இதைச் சொல்லி விளங்கவைப்பது எளிதன்று!

புற்றைத் தோண்டித் தொழிலாளிகளை அள்ளிவந்து போத்தலில் இடுவது வளர்ப்பாகாது. அரசியற்ற குடிக்கு வருங்காலம் இல்லை. 1956 இல் அமெரிக்காவில் மில்ட்டன் லெவைன் என்பவர் விற்கத் தொடங்கிய ‘எறும்புப் பண்ணை’ என்னும் விளையாட்டுப் பொருள் கோடிக்கணக்கிற் பரவியது. அதில் அரசி வைத்து அனுப்பப்படவில்லை. சில மாதத்தில் எறும்புகள் ஒவ்வொன்றாய் மடிய, பிள்ளைகள் கண்டது குடியின் வாழ்வையன்று, அதன் தேய்வையே.

குடி பெருகியபின் கூடு வேண்டும். இதில் நமக்கு ஆசான் சேர் ஜோன் லபொக். பாராளுமன்றத்தில் 1871 ஆம் ஆண்டின் வங்கி விடுமுறைச் சட்டத்தைக் கொணர்ந்தவரும் அவரே. விடுமுறை நாளை விரும்பும் ஆசிரியர் அனைவரும் அவருக்குக் கடமைப்பட்டவர். 1882 இல் எறும்பு, தேனீ, குளவி பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் படிக்கத்தக்கது. இரு கண்ணாடித் தகடுகளை ஓர் எறும்பு நடமாடும் அளவு இடைவெளியில் வைத்து, நடுவே மெல்லிய மண் இட்டு, இருளுக்காக மூடிவைத்தார். எறும்புக்குச் செந்நிற ஒளி ஏறக்குறைய இருளே எனவும், நம் கண் காணாத ஊதாக் கடந்த ஒளியை அது உணரும் எனவும் காட்டியவரும் அவரே. அதனால் இன்றும் செந்நிறக் கண்ணாடித்தாளால் கூட்டை மூடிப் பார்ப்பது வழக்கம். அவருடைய அரசி எறும்பொன்று 1874 டிசம்பரிற் பிடிபட்டு 1888 ஆகஸ்டு வரை வாழ்ந்தது. பின்னாளிற் சுவிற்சலாந்தில் வளர்ந்த கருந்தோட்ட எறும்பரசி ஒன்று இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்ததாகக் குறிப்பு உண்டு. ஆறாம் வகுப்பில் தொடங்கும் குடியை அம்மாணவன் தன் பிள்ளைக்குக் காட்டவும் கூடும் என்றால், விளையாட்டாக ஏற்கும் பொறுப்பன்று இது.

பிரான்சு நாட்டுச் சாள்ஸ் ஜனே என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த பாரிசுச் சாந்துக் கூடு நமக்கு இன்னும் ஏற்றது. சாந்துக் கட்டியில் அறைகள் குடைந்து மேலே கண்ணாடி இட்டு, ஒரு முனையை மாத்திரம் நீரால் நனைப்பார். ஈரம் ஒருபுறமும் உலர்வு மறுபுறமும் இருக்க, எறும்பு தனக்கும் தன் குடம்பிக்கும் வேண்டிய இடத்தைத் தானே தெரிந்துகொள்ளும்.

இனி எல்லைக் காவல். எறும்பு கண்ணாடியில் ஏறுவது எவ்வாறு? அதன் பாதத்தில் இரு நகங்களும் அவற்றிடையே மெத்தென்ற ஒரு திண்டும் உள்ளன. கரடான மரப்பட்டையில் நகம் பற்றும். வழவழப்பான இடத்தில் நகம் வழுக்க, நகத்தை இழுக்கும் தசை அத்திண்டை விரித்துப் பரப்பின்மேல் ஒட்டச்செய்யும். மெல்லிய நீர்மப் படலமொன்று அதற்கு உதவும். 2001 இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று இப்பொறியை நம் முசுற்றினிடத்தே விளக்கிற்று. தலைகீழாய் வழவழப்பான பரப்பில் நின்றவாறே தன் நிறையின் நூறு மடங்குக்கு மேற்பட்ட பாரத்தை முசுறு தாங்க வல்லது. நிலத்தில் வாழும் சில இனங்களுக்கோ திண்டு சிறிது; அவை கண்ணாடியில் ஏறமாட்டா. ஆகவே தடுப்பு என்பது நகத்துக்கும் திண்டுக்கும் ஒருங்கே பிடி கொடாத பரப்பை அமைப்பதே.

நம் முன்னோர் அறிந்த தடுப்பு அகழி. உணவு அலுமாரியின் நான்கு கால்களையும் நீர் நிரப்பிய சிரட்டையிலோ கிண்ணத்திலோ நிறுத்துதல் இன்றும் நம் வீடுகளிற் காணப்படுவது. எறும்பை உணவுக்குப் புறத்தே நிறுத்த உதவும் அகழி, கூட்டுக்கு அகத்தே நிறுத்தவும் உதவும். லபொக் தம் கூடுகளைச் சுற்றி நீரகழியே அமைத்தார். மயிர்த்தோலை மயிர்நுனி எறும்பை எதிர்க்குமாறு கட்டியும் பார்த்தார். அகழிக்கு மூன்று பகை உண்டு. முதலாவது நீரின் பரப்பிழுவிசை: சிறிய எறும்பின் பாரத்தை நீரின் மேற்றோல் தாங்கிவிடும். ஒரு துளி சவர்க்காரக் கரைசல் இட்டால் அத்தோல் நெகிழும். ஆயின் விழுந்த எறும்பு மீளாது என்பதையும் அறிந்து செய்தல் வேண்டும். இரண்டாவது பாலம்: தூசிப் படலமும் இறந்த எறும்பின் உடலும் சருகும் பாலமாகும். முசுறு தன் உடலையே சங்கிலியாகக் கோத்து இடைவெளியைக் கடக்கும். மூன்றாவது பகை நம்மூர்க் காற்று. கச்சான் வீசும் மாதங்களில், வைகாசி முதல் ஆவணி வரை, காலையில் நிரப்பிய கிண்ணம் மாலைக்குள் வற்றிவிடும். அதே காற்று சருகையும் கொணர்ந்து போடும். மண்ணெண்ணெய் வற்றாதே என்பார் உளர். அதன் ஆவி கூட்டிலுள்ளவற்றைக் கொல்லும். தேங்காயெண்ணெய் பூசலாம் என்பது அதனினும் கேடு. அது தடையன்று, விருந்து.

அகழியை வெளி வேலியாக மாத்திரம் கொண்டு, பாத்திரத்தின் உட்சுவரின் மேல்விளிம்பில் நான்கு விரற்கடை அகலத்துக்கு வழுக்குப் பட்டி ஒன்று பூசுதலே சிறந்தது. எளிதிற் கிடைப்பது தல்க்குப் பவுடர். மருந்துக்கடையில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றிற் குழம்புபோலக் கலந்து பஞ்சினாற் பூசி உலரவிட்டால், வெண்ணிறப் படலம் ஒன்று நிற்கும். எறும்பு மிதித்தவுடன் நுண்டுகள்கள் சுவரிலிருந்து கழன்று திண்டில் ஒட்டிக்கொள்ள, அது மணற்சரிவில் ஏறும் மனிதனைப்போலச் சறுக்கி விழும். இப்போது விற்கப்படும் குழந்தைப் பவுடர்களிற் பல சோளமாவினாற் செய்யப்படுவன. அவை இவ்வேலைக்கு உதவா. பொதியிலுள்ள எழுத்தைப் படித்து வாங்குக. தல்க்குத் தூசியை மூச்சிலிழுத்தல் தீது. உலர்ந்த பவுடரைக் கையாளும் வேலை ஆசிரியருடையதாயிருக்க, மாணவர் விலகி நிற்றல் நன்று. வாவிக்கரை ஊர்களுக்கு இம்முறையில் உள்ள குறை ஈரம். மார்கழி மழையிற் காற்றே நனைந்திருக்கும்போது பவுடர்ப் பட்டி நீரை உறிஞ்சி இறுகிப் பிடி கொடுக்கத் தொடங்கும். அக்காலத்தில் இரு வாரத்துக்கு ஒருமுறை துடைத்துப் புதிதாய்ப் பூசுதல் வேண்டும்.

மழைக்காலத்துக்குத் திரவப் பரபினை வசலீனோடு கலந்து மிக மெல்லிதாய்த் தேய்ப்பது மேல். ஈரம் அதைக் கெடுக்காது. தடிப்பாய்ப் பூசினால் வெப்பத்தில் வழிந்து எறும்பை மூழ்கடிக்கும். விரலிற் பூசியது கண்ணுக்குப் புலப்படாத அளவே போதும். இதன் குறை தூசி ஒட்டுவது.

மேனாட்டு ஆய்வுகூடங்களிற் கையாளப்படுவது புளுவோன் என்னும் பால்நிற நீர்மம். சமையற் சட்டியின் ஒட்டாப் பூச்சாகிய தெப்பிளோன் 1938 இல் தற்செயலாய்க் கண்டறியப்பட்ட பொருள். அதன் நுண்டுகள்களை நீரிற் கலந்ததே இது. பூசி உலர்ந்தால் மாதக்கணக்காய் நிற்கும். நம் நாட்டில் விலையும் அருமையும் அதிகம். மிகுந்த ஈரம் இதையும் தளர்த்தும். இயற்கை இவ்வுத்தியை நமக்கு முன்னரே கண்டது. நெப்பெந்திசு என்னும் பூச்சியுண்ணும் செடிக் குடும்பத்திற் பலவற்றின் குடங்களுள் உட்சுவரின் மேற்பகுதி உதிரும் மெழுகுத் துகளாற் பூசப்பட்டுள்ளது; எறும்பு அதில் ஏறமாட்டாது சறுக்கி உள்ளே விழுகின்றது. அக்குடும்பத்துச் செடியொன்று இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்துக்கே உரியது.

பூச்சும் அகழியும் எவ்வளவு திறமாயினும், வெளியேறக் காரணமுள்ள குடி என்றோ ஒருநாள் வழி கண்டுவிடும். கூடு உலர்ந்தால், உணவு தவறினால், அறை நெருங்கினால், தேடுநர் இரவெல்லாம் மூடியையே சுற்றுவர். கூட்டின் மூலைகளை விட்டு விளிம்பில் எறும்பு திரள்வதைக் கண்டால் பூச்சைப் புதுப்பிக்குமுன் ஈரத்தைச் சோதிக்க. வாரம் இருமுறை தேனோ சீனிநீரோ சில துளியும், குடம்பிகளுக்காகக் கொன்ற ஈயோ கரப்பானின் ஒரு துண்டோ போதும். மிஞ்சிய இறைச்சியை மறுநாள் எடுத்துவிடாவிட்டாற் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுத் துளைகளுக்கு இடும் கம்பிவலையின் கண், எறும்பின் தலையினும் சிறிதாதல் வேண்டும்; தலை நுழைந்த இடத்தில் எறும்பு முழுதும் நுழையும்.

தப்பிய எறும்பால் வரும் தீங்கு என்ன? உள்ளூர் எறும்பு தப்பினால் அது தன் நாட்டிற்றான் தப்புகின்றது. அயல்வீட்டார் முணுமுணுப்பதோடு முடியும். வேற்றுநாட்டு எறும்பு தப்புவது வேறு. இந்து சமுத்திரத்திலுள்ள கிறிஸ்மஸ் தீவிற் புகுந்த மஞ்சட் பித்தெறும்பு 1989 முதல் பெருங்குடிகளாய்ப் பெருகி, அத்தீவின் செந்நண்டுகளில் ஒரு கோடிக்கு மேற்பட்டவற்றைக் கொன்றது. நண்டு மறையக் காடே உருமாறிற்று. இன்று எறும்பு வளர்ப்பு உலகெங்கும் வணிகமாகிவிட்டது. 2025 மே மாதத்தில் நைரோபியில் நீதிமன்றம் ஒன்று, ஏறக்குறைய ஐயாயிரம் அரசி எறும்புகளைக் கடத்த முயன்ற நால்வருக்கு ஆளுக்குப் பத்து இலட்சம் கென்யச் சிலின் தண்டம் விதித்தது. அவ்வரசிகள் இருந்தவை பஞ்சடைத்த சிறு குழாய்கள். மேலே யாம் விவரித்த அதே குழாய்கள்! நம் நாட்டிலும் 2020 இல் யாலக் காட்டிற் பூச்சிகளைச் சேர்த்த இத்தாலியர் இருவருக்கு 2024 இல் ஆறு கோடி ரூபா தண்டம் விதிக்கப்பட்டது. காப்புக் காடுகளில் எடுத்தலும், கடல் கடந்து வருவித்தலும் ஆகா. தன் முற்றத்தில் ஓர் அரசி. அதுவே மாணவனுக்கு அளவு.

வளர்க்க இயலாத நிலை வரின், பிடித்த இடத்திலேயே, மாலை வேளையில், நிழலான மண்ணிற் கூட்டைத் திறந்து வைத்துவிடலாம். பாடசாலைகளுக்கு இடர் தருவது மார்கழி விடுமுறை. மழையும் விடுமுறையும் ஒருங்கே வரும். பட்டியை ஈரம் கெடுக்க, பார்ப்பாரும் இரார். விடுமுறைக்கு முன்னரே குடியை ஒரு மாணவனின் வீட்டுக்கு ஒப்படைத்து, பரபின் பட்டியைப் பூசிக் கொடுத்து, நீரூற்றும் நாள்களைத் தாளில் எழுதிக் கூட்டின் பக்கத்தில் ஒட்டிவிடுக. அம்மாணவனின் தாயாரிடமும் முன்னரே ஒரு சொல் சொல்லிவைத்தல் நன்று.